மேரி டிரெஸ்லர் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது

பழைய ஹாலிவுட் நடிகை மேரி டிரெஸ்லரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் 1914-இல் வந்த 'டில்லீஸ் பங்க்சர்டு ரொமான்ஸ்' படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் சாப்ளின் இருக்கிறார். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். அப்போது மேரிக்கு 45 வயது, மேடையில் பெரிய பெயர். ஆனால் அந்தப் படம் முழுக்க ஓட்டமும் உருளலும்தான். நாம் தேடும் மேரி வர இன்னும் 16 வருடம் ஆகும்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். இவை ஏறக்குறைய சதுரமான படங்கள். டிவி 'வைட்' அமைப்பில் இருந்தால் முகமெல்லாம் அகலமாக இழுபடும். இயல்பிலேயே பெரிய உடம்புக்காரர் அவர். அவருக்கு அது செய்யும் அநியாயம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். கைபேசியில் பார்க்காதீர்கள், கண்கள் தெரியாது.

சரி, தொடங்குவது 1930-இன் 'அன்னா கிறிஸ்டி'யில். கிரேட்டா கார்போவின் முதல் பேசும் படம் என்றுதான் அதைச் சொல்வார்கள். நீங்கள் மேரியைப் பாருங்கள். துறைமுகத்து மதுக்கடையில் மார்த்தி என்ற கிழவியாக வருகிறார். தன்னோடு படகில் வாழும் மனிதனின் மகள் வரப்போகிறாள் என்பதால் இடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை. கடைக்குள் வந்து உட்கார்ந்த பெண்தான் அந்த மகள் என்று பேச்சுவாக்கில் மார்த்திக்குப் புரிகிறது. இந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். முதலில் சப்டைட்டிலோடு, அப்புறம் சத்தமே இல்லாமல். என் மாமியாருக்கு 79 வயது, ஆங்கிலம் தெரியாது. சத்தமில்லாமல் ஓடும்போது கூட உட்கார்ந்திருந்தவர், "இவளுக்கு அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். மகளாக வரும் கார்போ பேசும்போது மேரி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்த படத்துக்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1919-இல் நியூயார்க் மேடை நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழு நடனப் பெண்களின் சங்கத்துக்கு முதல் தலைவராக நின்றவர் மேரி. 1920களில் வேலை வற்றிப்போனது. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் கதை எழுதிவந்த பிரான்சஸ் மேரியன்தான் அவருக்காகப் போராடி மறுபடியும் படங்களுக்குள் கொண்டுவந்தார்.

இப்போது 'மின் அண்ட் பில்', அதே 1930. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். துறைமுகத்தில் விடுதி நடத்தும் மின், யாரோ விட்டுப்போன பெண் குழந்தையை வளர்க்கிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசியில் கூட்டத்துக்கு நடுவே தெரியும் அவர் முகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இதற்குத்தான் 1931 நவம்பர் 10-ஆம் தேதி ஆஸ்கர் கிடைத்தது. 63-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள். 1932, 1933 இரண்டு வருடமும் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அதிகக் கூட்டம் சேர்த்த நட்சத்திரங்களில் முதலிடம் அவருக்குத்தான்.

அப்புறம் 1933-இன் 'டின்னர் அட் எய்ட்'. கடைசிக் காட்சியில் இளம்பெண்ணாக வரும் ஜீன் ஹார்லோ, தான் ஒரு புத்தகம் படித்ததாகச் சொல்கிறார். கூட நடந்துவரும் மேரி அந்தச் சொல்லைக் கேட்டு, இவளா படித்தாள் என்று தடுமாறி நிற்பார். நான் அதை எட்டு முறையாவது பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மறுவருடம் ஜூலையில் புற்றுநோயில் போய்விட்டார்.

இனி 1914 படத்தைப் போடலாம். என் மாமியார் உடனே கண்டுபிடித்துவிட்டார். "அந்தப் படகுக்காரிதானே? இது சின்ன வயசுலயா?"

"45 அத்தை" என்றேன்.