கம்ப்ரெஷன் பையில் ஸ்லீப்பிங் பேக்கை அடைப்பது எப்படி? முதல் மலையேற்றத்துக்குப் போகிறவர்களுக்கு

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலைக்குக் கிளம்புகிற ஒருவர் கட்டிலில் என்னென்ன பரப்பி வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்லீப்பிங் பேக், வாத்து இறகு நிரப்பிய ஒரு டவுன் ஜாக்கெட், ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற மேலாடை, இரண்டு செட் தெர்மல் உள்ளாடை, நான்கைந்து ஜோடி கம்பளி சாக்ஸ். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போகிற நமக்கு இத்தனை குளிர் துணியை ஒன்றாகக் கட்டிப் பழக்கமில்லை. தூக்கிப் பார்த்தால் கனமே இருக்காது, ஆனால் 50 லிட்டர் முதுகுப்பையில் ஸ்லீப்பிங் பேக்கை அப்படியே திணித்தால் கிட்டத்தட்ட பாதி இடம் போய்விடும்.

இதற்குத்தான் கம்ப்ரெஷன் பை. பார்க்க ஒரு சின்ன மூட்டைப் பை போல இருக்கும். வாயில் சுருக்குக் கயிறு, அதன்மேல் ஒரு தொப்பி, தொப்பியிலிருந்து அடிப்பாகம் வரை மூன்று அல்லது நான்கு பட்டைகள். பட்டைகளை இழுத்தால் தொப்பி கீழே இறங்கி உள்ளே இருப்பதை அமுக்கும். அது வெளியேற்றுவது காற்றை மட்டும்தான், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. பையின் சொந்த எடை வேறு கூடுகிறது. அதனால்தான் லேசான பையைத் தேடச் சொல்கிறேன்.

வழிகாட்டிக் குழுவோடு போகிறவர்களுக்கு ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் முகாமிலேயே கிடைத்துவிடும். அவர்கள் ஜாக்கெட்டுக்கும் துணிக்கும் 6 லிட்டர் அளவில் ஒரு பை வாங்கினால் போதும். சொந்த ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வாங்கும் முன் அளவெடுங்கள்

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கூடவே ஒரு சாதாரண உறை வந்திருக்கும். அதில் அடைத்த நிலையில் டேப்பால் அளந்து பாருங்கள். குறுக்கே 22 செ.மீ., நீளம் 38 செ.மீ. என்றால், பாதி குறுக்களவு 11. 3.14 × 11 × 11 × 38 என்று பெருக்கினால் 14,400 கன செ.மீ. சொச்சம் வரும். அதாவது சுமார் 14.5 லிட்டர். உங்களுக்கு 14 அல்லது 15 லிட்டர் பை சரியாக இருக்கும். ‘அமுக்கத்தானே போகிறோம்’ என்று 10 லிட்டர் பை வாங்காதீர்கள். பட்டையை இழுக்கும் முன்னால் முழுவதும் உள்ளே போயாக வேண்டும். காலை ஐந்து மணிக் குளிரில், விரல் விறைத்த நிலையில், சின்னப் பையோடு மல்லுக்கட்டுவது பெரிய வேதனை.

துணியைப் பற்றிச் சொல்லும்போது டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 30 டெனியர் நைலான் மெல்லியது, 70 டெனியர் தடிமனானது. மெல்லிய துணிப் பைகள் 100 கிராமுக்குள்ளேயே கிடைக்கின்றன, தடித்தவை 200 கிராமைத் தொடும். நான் மெல்லியதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதைக் கொஞ்சம் பக்குவமாகக் கையாள வேண்டும். வாங்கும்போது துணியைவிட, பட்டை தைத்திருக்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள். அங்கே இரட்டைத் தையலோ குறுக்குத் தையலோ இருக்கட்டும்.

அடைக்கும் முறை

மடிக்கவும் வேண்டாம், பாயைப் போலச் சுருட்டவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் இறகோ பஞ்சோ அந்தக் கோட்டில் நைந்துபோகும். கைப்பிடி கைப்பிடியாகத் திணிப்பதுதான் முறை.

முதலில் கால் பக்கம். அந்த முனை மூடியிருப்பதால் காற்று அங்கே சிக்கிக்கொள்ளும். அதை முதலில் உள்ளே தள்ளினால், காற்று திறந்திருக்கும் தலைப்பக்கம் வழியாக வெளியேறும். ஜிப்பைப் பாதி திறந்து வைத்தால் இன்னும் சுலபம். பையின் அடிமூலைகளில் விரலால் நன்றாக அழுத்தி நிரப்பிவிட்டு மேலே வாருங்கள். அடியில் வெற்றிடம் விட்டால் பிறகு பை கோணலாக நிற்கும்.

முழுவதும் உள்ளே போனதும் சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டி, தொப்பியை மேலே போடுங்கள். அடுத்த வேலையில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். முதல் பயணத்தில், கேதார்கந்தா நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் அறைக்குள் உட்கார்ந்து, ஒரு பட்டையைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போனேன். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது, மூன்றாவது பட்டையை இழுக்கும்போது தையல் பிரிந்தது. மீதி நாட்களெல்லாம் கயிறு கட்டியே ஓட்டினேன்.

சரியான வழி இதுதான். பையை நிமிர்த்தி வைத்து, தொப்பியின் மேல் முழங்காலை ஊன்றி உடல் எடையால் அமுக்குங்கள். காற்று ‘புஸ்’ஸென்று வெளியே போகும். அப்படி அமுக்கியபடியே எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டைக் கொஞ்சமாக இழுங்கள், பிறகு மற்ற இரண்டு. மூன்றே பட்டை என்றால் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மூன்று சுற்று வந்தால் போதும். அமுக்கும் வேலை முழங்காலுக்கு, அமுங்கியதைப் பிடித்துவைக்கும் வேலை பட்டைக்கு. தையலின் மேல் பாரம் விழாது. தொங்கும் பட்டை முனைகளைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், நடக்கும்போது எதிலும் மாட்டாது.

எங்கே நிறுத்துவது?

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல்லுருண்டை மாதிரி இறுகும்வரை இழுப்பதுதான் வெற்றி என்று பலர் நினைக்கிறார்கள். முதுகுப்பைக்குள் அந்த உருண்டையை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் நான்கு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வேறெதுவும் ஒழுங்காக உட்காராது. நீங்கள் மிச்சப்படுத்திய இடம் அங்கேயே வீணாகிறது. போதாததற்கு, உருண்டை முதுகில் குத்தவும் செய்யும்.

மேலே சொன்ன 38 செ.மீ. பையை 24 முதல் 26 செ.மீ. வரை இறக்கினாலே 9 லிட்டருக்கும் 10 லிட்டருக்கும் இடையில் வந்துவிடுகிறது. நான் அங்கே நிறுத்திவிடுவேன். முதுகுப்பையின் அடிப்பாகம் உள்ளே சுமார் 30 செ.மீ. அகலம் இருந்தால், இந்த மூட்டை அதில் படுக்கைவசமாக உட்காரும். இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் பையின் வளைவுக்கு ஏற்றபடி அதுவும் வளைந்துகொடுக்கும். பக்கத்து இடுக்குகளில் சாக்ஸையும் தெர்மலையும் செருகுங்கள். பக்கிள்கள் முதுகுப் பக்கம் வராமல் திருப்பி வையுங்கள். சாப்பாடு, அடுப்பு, கூடாரம் போன்ற கனமானவை இதற்கு மேலே, முதுகை ஒட்டி வரட்டும்.

இடம் தாராளமாக இருக்கும் பெரிய முதுகுப்பை என்றால், கம்ப்ரெஷன் பையே இல்லாமல் ஸ்லீப்பிங் பேக்கை நேராக அடியில் திணித்துவிடலாம். இடுக்கெல்லாம் அதுவே நிரப்பிக்கொள்ளும். பல வருடம் நடந்தவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எப்படி வைத்தாலும் ஸ்லீப்பிங் பேக்கை ஒரு தடித்த பிளாஸ்டிக் கவருக்குள் போடுவது அவசியம். இந்தப் பைகளில் பெரும்பாலானவை மழையைத் தாங்காது, தையல் ஓட்டை வழியாக நீர் இறங்கும். வாத்து இறகு நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு கதகதப்பை இழந்துவிடும். டேராடூனிலிருந்து சாங்க்ரி வரை கிட்டத்தட்ட 200 கி.மீ. மலைப்பாதையில், நம் பைகள் பெரும்பாலும் வண்டியின் கூரையில்தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதை அடைக்கக் கூடாது?

கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமுங்கி, விட்டதும் பொங்கி எழுந்தால் அதில் காற்று இருக்கிறது, அடைக்கலாம். ஜீன்ஸ், பருத்திச் சட்டை எல்லாம் அமுங்கவே அமுங்காது, மடித்து வைப்பதே மேல். ஃப்ளீஸ் சுமாராக அமுங்கும். மழைக் கோட்டை ஒருபோதும் இதில் போடாதீர்கள். இறுக்கி மடிந்த இடத்தில் அதன் பூச்சு விரிசல் விடும், தவிர மழை வந்தால் முதலில் தேவைப்படுவதும் அதுதான். ஈரத் துணியும் கூடாது.

விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் வரம்பு. அமுக்கி அமுக்கி இடம் கிடைத்ததும் இன்னும் நான்கு துணி வைக்கத் தோன்றும். அங்கேதான் எடை ஏறிவிடுகிறது. கட்டி முடித்ததும் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

முகாமிலும் வீட்டிலும்

கேதார்கந்தா வழியில் வரும் ஜூடா கா தாலாப் முகாம் 9,100 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பரில் மாலை ஆனதுமே குளிர் பிடித்துவிடும். கூடாரம் நின்றதும் முதல் வேலையாக ஸ்லீப்பிங் பேக்கை வெளியே எடுத்து, நன்றாக உதறி, விரித்துப் போடுங்கள். நம்மைக் கதகதப்பாக வைப்பது அதற்குள் தங்கும் காற்றுதான். நாள் முழுக்க அமுங்கிக் கிடந்தது பொங்கி வர அரைமணி, ஒருமணி நேரம் ஆகும். படுக்கப்போகும்போது அவிழ்த்தால் பாதி இரவு நடுக்கத்தில் போகும்.

கிளம்பும் முன் வீட்டில் இரண்டு மூன்று முறை அடைத்துப் பழகுங்கள், அதில் ஒருமுறை கையுறை போட்டுக்கொண்டு. பக்கிள் சின்னதாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒரு தடித்த ஊசியும் கொஞ்சம் நைலான் நூலும் மருந்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் பையை அவிழ்க்காமல் அலமாரியின் மேல் தள்ளிவிடாதீர்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் இறகு எழும்பும் தன்மையை இழக்கும், செயற்கைப் பஞ்சு அதைவிட சீக்கிரம் தட்டையாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் சேரும். நிழலில், மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் உலர்த்துங்கள். பிறகு பழைய பருத்திப் பெட்ஷீட்டை இரண்டாக மடித்து இரண்டு பக்கம் தைத்தால் ஒரு பெரிய பை கிடைக்கும். அதில் தளர்வாகப் போட்டு, அலமாரியில் காற்றாடும் தட்டில் வையுங்கள்.