ஈரம் குறைந்த கார்ப்பெட் சுத்தம்: கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் தரையை மூடியிருப்பவை 50 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய கார்ப்பெட் டைல்கள். வெந்நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் முறையை இவற்றின் மீது அளவு தெரியாமல் கையாண்டால், இணைப்புகளின் வழியாக நீர் அடியில் இறங்கிப் பசையை இளக்கும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், மறுநாள் காலை ஊழியர்கள் வரும்போது ஈர வாடை அடிக்கும். இரவில் வேலை முடித்துக் காலையில் தளத்தை ஒப்படைக்க வேண்டிய சிறிய துப்புரவு நிறுவனங்கள், கரைசலைக் கொஞ்சமாகத் தெளித்து இயந்திரத்தால் தேய்க்கும் ஈரம் குறைந்த முறையை நாடுவது இதனால்தான். அந்த முறை நல்லது. ஆனால் அதற்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நேரும் பிழைகள், இரண்டு மூன்று பேரை வைத்துத் தொழில் நடத்துபவரின் முதலீட்டையே முடக்கிவிடக்கூடியவை.

முதல் பிழை, எந்தக் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று பாராமல் இயந்திரத்தைப் பார்க்கத் தொடங்குவது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, வட்டத் தட்டு ஒரே திசையில் சுழலும் சிங்கிள் டிஸ்க் மெஷின். இரண்டாவது, தட்டு முழு வட்டமாகச் சுற்றித் தேய்க்காமல் சிறு சிறு வட்டங்களாக வேகமாக அசையும் ஆர்பிட்டல் மெஷின். மூன்றாவது, இரண்டு உருளை பிரஷ்கள் எதிரெதிர்த் திசையில் சுழன்று இழைகளைக் கோதி நிமிர்த்தும் இயந்திரம். நுனி வெட்டப்படாமல் வளையமாகவே நிற்கும் குட்டையான வளைய இழை கொண்ட அலுவலக டைல்களுக்கு, பேட் (தட்டின் அடியில் மாட்டும் தேய்ப்பு வட்டம்) பொருத்திய ஆர்பிட்டல் மெஷின் மிகவும் பொருத்தமானது. ஓட்டுபவருக்குப் பெரிய பயிற்சியும் தேவையில்லை. ஓட்டல் விருந்து மண்டபங்களில் உள்ள, நுனி வெட்டப்பட்டு நிமிர்ந்து நிற்கும் வெட்டு இழைக் கார்ப்பெட்டில் தலைமுடியும் மணலும் அடியில் சிக்கிக் கிடப்பதால், அங்கே உருளை பிரஷ் வகைக்கே வேலை அதிகம். ஆனால் அதே பிரஷ் கடினமானதாக இருந்தால் வளைய இழையைப் பிசிறடிக்கச் செய்யும். ஆகவே அடுத்த ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடிக்கையாளர்களின் தரைகளை நேரில் சென்று பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் கருவித் தேர்வின் முதல் வேலை.

அப்படிப் பார்க்கும்போது இழை என்ன வகை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. உரிமையாளரின் அனுமதியுடன் கண்ணில் படாத ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை வெட்டி, விரலால் நசுக்கிக் காற்றுக் குமிழை நீக்கி, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும்; உராய்வின் சூடும் அதற்கு ஆகாது என்பதால் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டக் கூடாது. கம்பளி வேறு கதை: காரம் மிகுந்த கரைசல் அதன் இழையைப் பாழாக்கும். சாயம் ஓடக்கூடிய கைமுடிச்சுக் கம்பளங்களை இந்த இயந்திரங்களிடம் கொண்டுவராமல் இருப்பதே மரியாதை.

ஏற்கெனவே மார்பிள் தரைக்காக வாங்கிய சிங்கிள் டிஸ்க் மெஷின் இருக்கிறதே, அதில் அழுக்கை உறிஞ்சும் துணியாலான பானட் பேடை மாட்டிக்கொண்டால் போதாதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. மெதுவாகச் சுழலும் இயந்திரமும் பழகிய கையும் இருந்தால், தாழ்ந்த வளைய இழையில் ஓரளவு முடியும். ஆனால் வெட்டு இழைக் கார்ப்பெட்டில் அது இழையை முறுக்கி, வெளிச்சம் சாய்வாக விழும்போது தெரியும் வட்டத் தடங்களைப் பதித்துவிடும். அந்தத் தடங்கள் எந்த ஷாம்பூவாலும் போகாது. பளபளப்பாக்குவதற்கென்று நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் ஓடும் இயந்திரத்தைக் கார்ப்பெட்டின் மீது வைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறாக நான் கருதுவது வேக்குவம் கிளீனரில் மிச்சம் பிடிப்பது. கார்ப்பெட்டில் சேரும் அழுக்கின் பெரும்பகுதி உலர்ந்த தூசியும் மணலும்தான். அதை முதலில் எடுக்காமல் கரைசலைத் தெளித்தால் தூசி சேறாகிறது. பேட் அந்தச் சேற்றைத் தளம் முழுவதும் பூசுகிறது. இங்கே பலரும் வைத்திருக்கும் டிரம் வடிவ ‘வெட் அண்ட் டிரை’ வேக்குவம் தரையில் கிடக்கும் குப்பையையும் சிந்திய நீரையும் நன்றாக இழுக்கும். ஆனால் வெறும் மூக்குக்குழல் இழைகளுக்கு அடியில் ஒட்டிய மணலைக் கிளப்பாது. மோட்டாரால் சுழலும் பிரஷ் உருளையும் நுண்தூசியை வெளியே விடாத வடிகட்டியும் கொண்ட நிமிர்ந்த வகை வேக்குவத்துக்குத்தான் பட்ஜெட்டில் முதல் பங்கு ஒதுக்க வேண்டும். ஈரம் குறைந்த முறைகளில் ஒன்றான என்கேப்சுலேஷனில் இதன் தேவை இன்னும் கூடுகிறது. கரைசலில் உள்ள பாலிமர் அழுக்கைச் சூழ்ந்து, உலர்ந்ததும் நொறுங்கும் துகளாகிறது. அந்தத் துகள் பின்னர் வேக்குவத்தால்தான் வெளியேறுகிறது. பல அலுவலகங்களில் தினசரி வேக்குவம் போடுவது வேறொரு ஹவுஸ்கீப்பிங் நிறுவனமாக இருக்கும். அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று விசாரிக்காமல் ஒப்பந்தம் போட்டால், அவர்களுடைய அலட்சியத்துக்கான பழி உங்கள் மீது விழும்.

கரைசலை வாங்கும்போது, விற்பவர் காட்டும் நுரையைக் கண்டு மயங்க வேண்டாம். சாதாரண கார்ப்பெட் ஷாம்பூ உலர்ந்தபின் பிசுபிசுப்பான படலமாக நின்று, செருப்பில் வரும் தூசியை இழுத்துக்கொள்ளும்; சில வாரங்களில் கார்ப்பெட் முன்பைவிட வேகமாகக் கறுக்கும். இதைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. சொல்லப்பட்ட விகிதத்தில் கலந்த கரைசலைக் கண்ணாடித் தட்டில் சிறிது ஊற்றி, ஓரிரு நாள் உலர விட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உப்புப் பொருக்குபோல உடைந்து பொடியானால் அது உண்மையான என்கேப்சுலேஷன் கரைசல். மெழுகுபோல இழுபட்டாலோ விரலில் ஒட்டினாலோ அந்தக் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மின்சாரம் பற்றிய தவறு அமைதியாக வந்து பெரும் செலவு வைக்கும். அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இயந்திரத்தை வரவழைப்பவர்கள், 120 வோல்ட்டை 230 வோல்ட்டில் ஓட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டுமே மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே உள்ள 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். கூடவே அதிகமாகச் சூடேறும். உள்ளூரில் வாங்கிய இயந்திரத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. 1.5 குதிரைத்திறன் மோட்டாரின் வெளியீடு மட்டுமே சுமார் 1,120 வாட். இழப்பையும் சேர்த்தால் அது 6 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு உரிய சுமை அல்ல, தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டமோ பல மடங்கு. அலுவலக மேசைகளுக்கு அடியில் உள்ள பாயிண்ட்டுகள் பெரும்பாலும் யுபிஎஸ் இணைப்பில் இருக்கும். அதில் இந்த மோட்டாரைச் செருகினால் தளத்தின் கணினிகள் மொத்தமாக அணையக்கூடும். 16 ஆம்பியர் பாயிண்ட் எங்கே உள்ளது என்று முன்பே கேட்டறிந்து, ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று தனித்தனிச் செம்புக் கம்பிகள் கொண்ட தடிமனான கேபிளில் செய்த நீளமான எக்ஸ்டென்ஷனை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.

கரைசல் தொட்டி இயந்திரத்திலேயே இருந்தால் ஈரம் தானாகவே குறைவாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. கைப்பம்பு ஸ்பிரேயராக இருந்தாலும் மோட்டார் ஸ்பிரேயாக இருந்தாலும், எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு கரைசல் இறங்குகிறது என்பதை அளந்தால்தான் தெரியும். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்து, தொட்டியில் குறைந்த அளவைக் குறித்து, கரைசலின் லேபிளில் உள்ள அளவோடு ஒப்பிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னையில், மாலை ஏசியை அணைத்தபின் மூடிய தளத்தில் காற்று ஈரமாகவே தேங்கி நிற்கும்; ஒன்றிரண்டு மணி நேரத்தில் உலரும் என்ற விளம்பரக் கணக்கு அங்கே செல்லாது. வேலை முடிந்தபின் ஏசி ஓடுவதற்கான அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதும், தரையோடு காற்று வீசும் ஒரு புளோயரை வைத்திருப்பதும் அவசியம்.

பேட்களின் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடுவதால் இரவின் பாதியில் வேலை நின்றுபோகும். பேடின் ஒரு பக்கம் கறுத்ததும் திருப்பிப் போட வேண்டும், மறுபக்கமும் கறுத்தால் மாற்ற வேண்டும். ஒரு இரவுக்குப் போதுமானவை கையில் இருக்கும்போது, இன்னொரு தொகுதி துவைத்துக் காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த முறையால் எல்லாம் முடியும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடக் கூடாது. கழிவுநீர் புகுந்த தரை, செல்லப்பிராணியின் சிறுநீர் அடிவரை இறங்கிய இடம், ஆண்டுக்கணக்கில் தேங்கிய பிசுக்கு ஆகியவற்றுக்கு மேற்பரப்பைத் தேய்ப்பது தீர்வாகாது. அதற்கென்று, நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் சிறிய எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருக்க வேண்டும்.

செயல்விளக்கத்தை விற்பவரின் ஷோரூமில் பார்ப்பதில் பயனில்லை. அங்கே விரித்திருக்கும் கார்ப்பெட்டில் அழுக்கே இருக்காது. உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தளத்தில், லிஃப்டுக்கு எதிரேயோ தேநீர் இயந்திரத்தின் அருகிலோ செய்துகாட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்குவதையும் படியேற்றுவதையும் உங்கள் ஆட்களே செய்யட்டும். எடை தாங்குமா என்பது அப்போது தெரிந்துவிடும். அடியில் இறங்கிய கறை உலரும்போது இழையின் நுனிக்கு ஏறி வருவதால், அன்றே முடிவு சொல்லாமல் மறுநாள் அதே இடத்தைப் பாருங்கள். பிறகு விலை பேசும்போது பிரஷ், பெல்ட், பேட் பிடிக்கும் தட்டு, கெப்பாசிட்டர் ஆகிய நான்கும் எந்த ஊரில் இருப்பில் உள்ளன, எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.