காருக்கு எந்த ஆன்டெனா வாங்கலாம்?

ஹாம் ரேடியோவின் (உரிமம் பெற்று பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) 2 மீட்டர் அலைவரிசைக்கு (144–146 மெகாஹெர்ட்ஸ்) கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள ஆன்டெனா) சுமார் 49 செ.மீ. தான். கொடைக்கானல் மாதிரி மலைப்பாதைக்கு நான் அதைத்தான் சொல்வேன். சிக்னல் மேல்நோக்கியும் போகும், மரக்கிளையிலும் அவ்வளவாக மாட்டாது. சமவெளியில் நீண்ட தூரம் பேச வேண்டுமா? 5/8 அலை, ஏறக்குறைய 1.3 மீட்டர், நல்லது.

கம்பியைவிட முக்கியம் அது நிற்கும் இடம். கூரையின் நடுவில் வையுங்கள். கீழே உள்ள தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. பம்பரில் வைத்தால் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் மந்தமாகவும் கேட்கும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதி போதும், ஆனால் அலுமினியக் கூரையில் ஒட்டாது. அடியில் மணல் இருந்தால் பெயின்ட் கீறிவிடும், துடைத்துவிட்டு வையுங்கள். கேபிள் கதவிடுக்கில் நசுங்கக் கூடாது. அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) பாருங்கள்: 1.5-க்குள் இருந்தால் சரி.