தேங்காய்ப் பையும் கடலும்

மகனுக்கு 6 வயது. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் பஸ் ஹோன், மீன் வாடை, நெரிசல் எல்லாம் சேர்ந்தால் கையை உதறிவிட்டு ஓடுவான். ஒருமுறை தக்காளிக் கூடையையே கவிழ்த்துவிட்டான். அடித்தும் பார்த்தேன், வெட்கம்தான் மிச்சம். அது குறும்பு இல்லை, தாங்க முடியாமை என்று அப்புறம்தான் புரிந்தது.

இப்போது கூட்டம் சேருமுன், காலை 7 மணிக்கே போகிறோம். இரண்டு தேங்காய் போட்ட பையை அவன்தான் சுமப்பான். பாரம் தூக்கினால் உடம்பு அடங்குகிறது. ஏனோ உருளைக்கிழங்குக்கு அந்த மகிமை இல்லை. "மூன்று கடை, பிறகு கடல்" என்று முதலே சொல்லிவிடுவேன். காதைப் பொத்தினால் மிச்சக் கடையை விட்டுவிட்டு கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் இறங்கி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று, பேசாமல் அலை பார்ப்போம்.

போன கிழமையும் ஓடினான். வாழைப்பழக் கடையில் தானாக நின்று திரும்பிப் பார்த்தான்.