மலிவான ஏடிசியை வைத்து ஆடியோவைத் துல்லியமாக அளப்பது எப்படி

நான் கட்டிய முதல் ஹெட்ஃபோன் ஆம்பை அளந்தபோது இரண்டாவது ஹார்மோனிக் (மூல அலையின் இரு மடங்கு அதிர்வெண்ணில் கூடவே தோன்றும் தேவையற்ற அலை) -85 டெசிபலில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. ஆப்-ஆம்ப் சிப்பை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு போட்டேன், ஒன்றுக்கும் அசையவில்லை. இரண்டு நாள் போன பிறகு ஆம்பை ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஆடியோவைப் பதியப் பயன்படுத்தும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து அதன் இன்புட்டுக்கே நேராக ஒரு கேபிளைப் போட்டுப் பார்த்தேன். அதே -85. இரண்டு நாளும் நான் அளந்தது ஆம்பை அல்ல, என் ஏடிசியை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எண்களாக மாற்றும் பகுதியை.

அதனால் முதல் வேலை லூப்பேக். அளக்க வேண்டிய பொருள் எதுவும் நடுவில் இல்லாமல் அவுட்புட்டை இன்புட்டில் மாட்டி, ஒரு கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, வரும் படத்தைச் சேமித்து வையுங்கள். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இனி நீங்கள் அளக்கும் எதையும் இந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

லூப்பேக் எடுக்கும் முன் சில சில்லறை விஷயங்கள், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். டைரக்ட் மானிட்டர் பட்டனை அணையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வரும் சிக்னல் திரும்ப வெளியே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபான்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கிட்டார் மோடில் இல்லாமல் லைன் மோடில் இருக்க வேண்டும். விண்டோஸில் 'மெருகூட்டும்' வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, விண்டோஸின் மிக்ஸரைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸோடு பேசும் ஏஸியோ டிரைவரையோ எக்ஸ்க்ளூசிவ் மோடையோ பயன்படுத்துங்கள். நடுவில் விண்டோஸ் சத்தமில்லாமல் சாம்பிள் ரேட்டை மாற்றிவிட்டால் நீங்கள் அளப்பது விண்டோஸைத்தான்.

அடுத்து லெவல். 24 பிட் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்குப்படி 24 பிட்டுக்கு 146 டெசிபல் வரும், ஆனால் அவ்வளவைத் தரும் ஏடிசி கிடையாது, மலிவான இன்டர்ஃபேஸில் 105, 110 கிடைத்தாலே நல்லது. அந்த 110-ம் எல்லா லெவலிலும் கிடைக்காது. சிக்னலைத் தணித்தால் இரைச்சல் மேலே தெரியும், ஏற்றிக்கொண்டே போனால் உச்சத்துக்குச் சற்று முன்பிருந்தே ஹார்மோனிக்குகள் முளைக்கும். நடுவில் ஓர் இனிமையான இடம் இருக்கும், பல ஏடிசிகளில் அது முழு அளவுக்கு 3 முதல் 10 டெசிபல் கீழே. அதை நீங்களேதான் தேட வேண்டும். தேடும்போது அவுட்புட் லெவலை மாற்றாதீர்கள், மாற்றினால் டிஏசியின் (எண்களைத் திரும்பச் சிக்னலாக்கும் அவுட்புட் பகுதி) டிஸ்டார்ஷனும், அதாவது அது சிக்னலில் உண்டாக்கும் சிதைவும், கூடவே மாறி எது யாருடையது என்று தெரியாமல் போகும். அவுட்புட்டை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துப் பாருங்கள். இடம் கிடைத்ததும் கெயின் குமிழைத் தொடவே கூடாது. நான் அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன், பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

சரி, திரையில் தெரியும் டெசிபலை வோல்ட்டாக்க வேண்டுமே. இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ஒரு நிபந்தனையோடு: மலிவான மீட்டர்களின் ஏசி அளவு 50, 60 ஹெர்ட்ஸில்தான் நம்பகமானது, பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே இஷ்டத்துக்குக் காட்ட ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு கிலோஹெர்ட்ஸில் காலிபிரேட் செய்யாமல் 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிடுங்கள். மீட்டர் முனைகளைக் கேபிளின் சிக்னலிலும் கிரவுண்டிலும் வைத்து, சரியாக 1 வோல்ட் வரும்வரை அவுட்புட் லெவலை நகர்த்துங்கள். அப்போது ஏடிசி -12.3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் ஏடிசியின் முழு அளவு 1 வோல்ட்டுக்கு 12.3 டெசிபல் மேலே, அதாவது 4.12 வோல்ட் ஆர்எம்எஸ் (மீட்டர் காட்டும் வகை வோல்ட்). குறித்து வையுங்கள். உங்கள் கணக்கு 3 டெசிபல் இடிக்கிறது என்றால் பெரும்பாலும் மென்பொருளில் சைன் அலையின் முழு அளவை 0 என்று எடுப்பதா -3.01 என்று எடுப்பதா என்ற செட்டிங்தான் காரணம். காலிபிரேஷன் முடிந்ததும் மீட்டரைக் கழற்றிவிடுங்கள், அதன் நீளமான வயர்கள் ஆன்டெனா மாதிரி வேலை செய்யும்.

இப்போது எஃப்எஃப்டி, அதாவது சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. எல்லாரும் ஏமாறும் இடம் இது. 48 கிலோஹெர்ட்ஸில் 65,536 புள்ளி எஃப்எஃப்டி எடுத்தால் படத்தின் ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 0.73 ஹெர்ட்ஸ் அகலம். மொத்த இரைச்சலும் அத்தனை கட்டங்களுக்குப் பிரிந்துபோவதால் படத்தின் அடியில் தெரியும் இரைச்சல் தரை நிஜ இரைச்சலைவிடச் சுமார் 45 டெசிபல் கீழே தெரியும். -150-இல் தரை தெரிகிறதே, என் ஏடிசி பிரமாதம் என்று நினைத்துவிடாதீர்கள், கூட்டிப் பார்த்தால் அது -105 தான். புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் தரை இன்னும் 3 டெசிபல் இறங்கும், ஏடிசி அப்படியேதான் இருக்கும். ஆனால் இதே குணம்தான் நமக்கு வசதியும்: ஹார்மோனிக் ஒரே கட்டத்தில் நிற்பதால் இறங்கிய தரைக்கு மேலே தெளிவாகத் தலைகாட்டும். மலிவான ஏடிசியில் -120-இல் இருக்கும் ஹார்மோனிக்கைக்கூடப் பார்க்க முடிவது இதனால்தான்.

சைன் அலையின் அதிர்வெண்ணை எஃப்எஃப்டி கட்டத்தோடு பூட்டிக்கொள்ளுங்கள். 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 999.756 ஹெர்ட்ஸ் என்று வரும், அது சரிதான், 1365-வது கட்டத்தின் நட்டநடு அது. ஆனால் இது டிஏசியும் ஏடிசியும் ஒரே கடிகாரத்தில் ஓடினால்தான் பலிக்கும். தனி டிஏசியை அளக்கிறீர்கள் என்றால் பூட்டை மறந்துவிட்டு அலை பக்கத்துக் கட்டங்களுக்குக் கசிவதைக் குறைக்கும் பிளாக்மன்-ஹாரிஸ் விண்டோவுக்குப் போய்விடுங்கள்.

சரி, ஏடிசி எவ்வளவு நல்லதாக இருந்தால் போதும்? இரைச்சலில் கணக்கு எளிது: ஏடிசியின் இரைச்சல் பொருளின் இரைச்சலைவிட 10 டெசிபல் கீழே இருந்தால் பிழை 0.4 டெசிபல்தான். டிஸ்டார்ஷன் அப்படி இல்லை, குறும்பு பிடித்தது. ஏடிசியின் இரண்டாவது ஹார்மோனிக்கும் ஆம்பின் இரண்டாவது ஹார்மோனிக்கும் ஒரே கட்டத்தில் விழும்போது ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். இரண்டும் சம அளவென்றால் 6 டெசிபல் கூடலாம், அல்லது மொத்தமாகக் காணாமலே போகலாம்! 10 டெசிபல் வித்தியாசம் இருந்தாலும் 3.3 டெசிபல் வரை தப்பு வரும், 20 இருந்தால் ஒரு டெசிபலுக்குள் அடங்கும். லூப்பேக்கைவிட ஆம்பைப் போட்டபோது டிஸ்டார்ஷன் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது அழிப்பு. ஆம்ப் பேலன்ஸ்டு (ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு சிக்னல் வயர்கள் உள்ளது) என்றால் சிக்னல் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டி இன்னொரு முறை அளந்து பாருங்கள், இரட்டைப்படை ஹார்மோனிக் மாறினால் சந்தேகம் உறுதி.

மின்சார ஹம் பற்றி ஒரு வரி: லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அளந்து பாருங்கள். முக்கால்வாசி ஹம் அதோடு போய்விடும், போகாவிட்டால் கிரவுண்ட் லூப்பை (கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து உருவாகும் வளையத்தை) தேடுங்கள்.

பவர் ஆம்பை அளக்கும்போதுதான் ஏடிசியைக் கொல்வார்கள். 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட், எந்த லைன் இன்புட்டும் தாங்காது. இரண்டு ரெசிஸ்டரில் ஒரு பிரிப்பான் செய்யுங்கள்: ஆம்ப் அவுட்புட்டிலிருந்து 10 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம், இரண்டும் மெட்டல் ஃபிலிம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஏடிசிக்கு, அவ்வளவுதான், 20.8 டெசிபல் குறைந்து 2.6 வோல்ட் வரும். ரெசிஸ்டர்களில் வீணாகும் சக்தி 0.1 வாட்டுக்கும் கீழே, கால் வாட் ரெசிஸ்டரே போதும். ஆனால் மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கரின் மைனஸ் முனை நிஜமாகவே கிரவுண்டா என்று பாருங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இயக்கும் பிரிட்ஜ் முறை ஆம்பில், அதிலும் சின்ன கிளாஸ் டி போர்டுகளில், அந்த முனையிலும் மின்னழுத்தம் இருக்கும், அதைக் கம்ப்யூட்டர் கிரவுண்டில் கட்டினால் ஆம்ப் போய்விடும், யூஎஸ்பி போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிப்பட்ட ஆம்புக்கு மேலே சொன்ன பிரிப்பானை இரண்டாகச் செய்து, ஒவ்வொரு முனையையும் பேலன்ஸ்டு இன்புட்டின் ஒவ்வொரு காலுக்கும் கொடுங்கள்.

இதற்கு மேலும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் விலை உயர்ந்த ஏடிசி வாங்காமலே ஒரு வழி உண்டு: ட்வின்-டி நாட்ச் ஃபில்டர். 1 கிலோஹெர்ட்ஸ் அடிப்படை அலையை ஃபில்டர் விழுங்கிவிடும், ஏடிசிக்கு ஹார்மோனிக்குகள் மட்டும் போகும், ஏடிசி சொந்தமாகச் சேர்க்கும் டிஸ்டார்ஷன் மிகவும் குறைந்துவிடும். கிட்டத்தட்ட 10.6 கிலோஓமும் 15 நானோஃபாரடும் சேர்ந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் வரும், கெப்பாசிட்டர் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், செராமிக் போட்டால் அதுவே டிஸ்டார்ஷனைக் கொண்டுவரும். ஒரே ஒரு திருத்தம், இந்த ஃபில்டர் இரண்டாவது ஹார்மோனிக்கையும் 9.1 டெசிபல் தின்றுவிடும், மூன்றாவதை 5.1. படத்தில் தெரியும் எண்ணோடு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.