பூரிக்கு மத்தி விருந்து: நாய்க்கு மீன் சமைப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் என்றால் அது முதலில் தெரிவது பூரிக்குத்தான். பையைக் கீழே வைப்பதற்குள் மூக்கு உள்ளே இருக்கும். பூரி எங்கள் நாட்டு நாய். ஐந்து வயது, 15 கிலோ. குட்டியாகத் தெருவில் கிடைத்தபோது வயிறு மட்டும் பூரி மாதிரி உப்பியிருந்ததால் அந்தப் பெயர். பூச்சி மருந்து கொடுத்ததும் வயிறு வற்றிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் எல்லோரையும் போலத்தான் நாங்களும் செய்தோம். மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மிச்ச சோறு, அதில் இரண்டு கரண்டி மீன் குழம்பு, தட்டில் ஒதுக்கிய முள், தலை எல்லாவற்றையும் பிசைந்து வைத்துவிடுவது. நாயும் நக்கி நக்கித் தட்டைக் கழுவித் தரும். ஆனால் ஒரு நாய்க்கு என்னவெல்லாம் கொடுக்கக் கூடாதோ அத்தனையையும் ஒரே சட்டியில் போட்டு வைத்ததுதான் நம் மீன் குழம்பு, அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாப்பிட்ட உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் "எங்க தாத்தா காலத்துல இருந்து போடுறோம், நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வார்கள்; அளவு கூடினால் இரண்டு மூன்று நாள் கழித்து சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அப்போது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு யார் நினைவுக்கும் வராது. அடுத்தது புளி. திராட்சை நாய்க்கு ஆகாது என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் நாய்களின் விஷபாதிப்பைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்கள் சிலர், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது போல என்று சொன்னார்கள். அடுத்த வருடமே புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். நம் புளிக்குப் புளிப்பைத் தருவதே அந்த அமிலம்தான். இதற்கு மேல் உப்பும் மிளகாயும் வேறு. ஆகவே குழம்பு நமக்கு, மீன் நாய்க்கு. குழம்பு கூட்டுவதற்கு முன்பே அதன் பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பாதி வேலை அதோடு முடிந்தது.

மீதிப் பாதி முள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட நாளில். வறுத்த வஞ்சிரத் துண்டின் நடுமுள், ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டமும் அதிலிருந்து நீளும் குச்சியுமாக இருக்குமே அது, மேசையிலிருந்து விழுந்தது, பூரி அள்ளிக்கொண்டு ஓடிவிட்டது. ஐந்து நிமிடத்தில் முன்னங்காலால் வாயைப் பிராண்ட ஆரம்பித்தது, எச்சில் நூல் நூலாக வழிகிறது, தலையை உதறுகிறது. மேல் அண்ணத்தில் இரு பக்கத்துப் பல்லுக்கும் நடுவே குறுக்காக மாட்டியிருந்தது. நான் விரலை விட்டுப் பார்த்தேன், கடிதான் கிடைத்தது. மருத்துவர் இரண்டு நிமிடத்தில் இடுக்கியால் எடுத்துவிட்டு, "வாயிலேயே நின்றதே, அதிர்ஷ்டம்" என்றார். தொண்டையிலோ குடலிலோ போய்க் குத்தியிருந்தால் கதை வேறு. நாய் இப்படி வாயைப் பிராண்டினால், ஓங்கரித்தால், சோற்று உருண்டை கொடுத்துத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். நமக்குச் செய்யும் வைத்தியம் அதற்கு வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

சரி, எந்த மீன்? என் ஓட்டு மத்திக்கு. சாளை என்பீர்கள் தெற்கே. மலிவு, நல்ல கொழுப்பு உள்ள மீன், ஒமேகா 3 நிறைய, தோலுக்கும் முடிக்கும் நல்லது. முள் மெலிசாக இருப்பதால் பிரஷர் குக்கரில் போட்டால் மாவாகிவிடும், அதுதான் முக்கியம். அது கிடைக்காத நாளில் சின்ன சைஸ் கானாங்கெளுத்தி. வஞ்சிரம், சுறா, சூரை மாதிரி பெரிய மீன்கள் வேண்டாம்; பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், விலையும் நம்மையே யோசிக்க வைக்கும். நாய் குண்டாக இருந்தால், அல்லது கணைய வீக்கம் வந்த நாய் என்றால், மத்தியின் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது. அதற்குக் கிழங்கான் மாதிரி கொழுப்பில்லாத வெள்ளை மீன்தான் சரி, அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. கருவாடு கூடவே கூடாது, அத்தனையும் உப்பு. எண்ணெயில் வறுத்த மீனும் வேண்டாம்.

பட்டினப்பாக்கத்தில் நான் வாங்கும் அக்காவிடம் முதல் தடவை "நாய்க்குத்தான், அரைக் கிலோ போதும்" என்று சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நாய்க்கா கண்ணு? நேத்து மிஞ்சினது கீது, சும்மா எடுத்துனு போ." வாங்காதீர்கள். வாங்கக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது: மத்தி, கானாங்கெளுத்தி, சூரை இந்த மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் ஊறும், அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. நமக்கு எந்த மீனோ அதே தரம்தான் அதற்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் இருக்க வேண்டும். வயிறு வெடித்த மத்தியை ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வெளியிலிருந்து வரும் மீன் ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அந்த இரண்டு மாதமும் நான் உயிரோடு விற்கும் ஜிலேபி மீனுக்கு மாறிவிடுவேன். அதன் முள் குக்கரில் கரையாது, வேக வைத்துக் கையால் உதிர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அரைக் கிலோ மத்தி வாங்கினால் தலை, குடல் போக 300 கிராம் தேறும். பூரி சைஸ் நாய்க்கு அது இரண்டு வேளை. செதிலைச் சுரண்டி, தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வரும்படி இழுத்து, துடுப்பை வெட்டிவிட்டு, இரண்டு தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும், கவனம். பச்சையாகவே போட்டால் நல்லது என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. மத்தி, நெத்திலி வகை மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, புழுக்களும் இருக்கலாம். வேக வைத்தால் இரண்டும் ஒழியும். எனக்கு அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

மூன்று லிட்டர் குக்கரில் மீனை நேரடியாகப் போட்டு, மீன் முங்கி அதற்கு மேல் ஒரு விரல் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய், உப்பு, இஞ்சி பூண்டு எதுவும் இல்லை. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 30 நிமிடம். மீன் வேக ஐந்து நிமிடம் போதுமே என்று தோன்றும், மீனுக்குப் போதும், முள்ளுக்குப் போதாது. குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. டின்னில் வரும் மத்தியை முள்ளோடு சாப்பிட முடிவதும் கிட்டத்தட்ட இதே சூட்டில் டின்னோடு வேக வைப்பதால்தான். ஆவியைத் தானாக அடங்க விடுங்கள். திறந்ததும் ஒரு மீனைப் பிளந்து நடுமுள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிந்தால் ஆயிற்று. கொஞ்சமாவது குத்தினால், வளைந்தால், இன்னும் பத்து நிமிடம். இந்த விரல் சோதனையை நான் ஒரு தடவையும் விட்டதில்லை, ஏனென்றால் மத்தி ஒரே சைஸில் வராது, பெரிய மத்தியின் முள் ஏமாற்றிவிடும்.

மீனை வெளியே எடுத்துவிட்டு அதே தண்ணீரில் ஒரு கைப்பிடி மஞ்சள் பூசணி, கேரட், இரண்டு பீன்ஸ் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு மூடாமல் வேக விடுங்கள். பூசணி குழைந்ததும், வடித்த சோறு 100 கிராம், அதாவது குழியாக ஒரு கிண்ணம், அதில் போட்டு மசியுங்கள். மீனில் பாதியை, 150 கிராம் வருகிற மாதிரி, விரலால் நன்றாக உதிர்த்துச் சேருங்கள். உதிர்க்கும் இந்த வேலையைக் கரண்டிக்கு விடாதீர்கள், தப்பிய முள் ஒன்று இருந்தால் கைக்குத்தான் தெரியும். குழைவு ரசம் சாதத்துக்கும் பொங்கலுக்கும் நடுவில் இருந்தால் சரி, இறுகிவிட்டால் அந்த மீன் தண்ணீரையே விட்டுக்கொள்ளுங்கள். வாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நம் வாய்க்கு இது சப்பென்று இருக்கும். ருசி பார்த்துவிட்டு உப்பு போடப் போகாதீர்கள், எங்கள் அம்மா அப்படித்தான் இரண்டு தடவை போட்டார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடா" என்றார். பூரி குப்பைக்கு எதையும் விட்டதில்லை.

இந்த அளவு கிட்டத்தட்ட 400 கலோரி, 15 கிலோ நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு. வழக்கமான ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாகத்தான் இது, அதோடு சேர்த்து இல்லை. எடை இரட்டிப்பானால் சாப்பாடு இரட்டிப்பாவதில்லை: 30 கிலோ லேப்ரடாருக்கு இதில் ஒன்றேமுக்கால் பங்குக்குள் போதும், ஐந்து கிலோ பொமரேனியனுக்குப் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. வாரம் ஒரு தடவை, அவ்வளவுதான். நொறுக்குத் தீனி, விருந்து எல்லாம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று சொல்வார்கள். தினம் இரண்டு வேளை என்றால் வாரத்துக்கு 14 வேளை, அதில் ஒன்று மீன் என்றால் கணக்குக்குள் வந்துவிடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறதே என்று தினமும் இதையே வைத்தால் சத்துக் கணக்கு இடிக்கும், தினச் சாப்பாடாக வீட்டில் சமைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மருத்துவரிடம் பட்டியல் வாங்க வேண்டும்.

முதல் தடவை என்றால் முழு விருந்து வேண்டாம். ஒரே ஒரு மத்தி, வழக்கமான சாப்பாட்டோடு பிசைந்து கொடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காதையும் பாதத்தையும் ஓயாமல் சொறிவது, இதெல்லாம் இல்லையென்றால் அடுத்த வாரம் முழுதாக. புறங்கையில் வைத்துப் பார்த்துச் சூடு தெரியாத பதத்தில் வையுங்கள், ஆவி பறக்கிற சோற்றில் வாய் வைத்துச் சுட்டுக்கொள்ளும் நாய்கள் உண்டு, பூரி அதில் முதல்.

மிச்சப் பாதி மீன் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். நான் மீன் தண்ணீரோடு மசித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், மே மாத மதியத்தில் ஒரு கட்டி எடுத்துக் கொடுத்தால் பத்து நிமிடம் வாசலில் நக்கிக்கொண்டு கிடக்கும். ட்ரேக்கு மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அதை எடுத்து நன்னாரி சர்பத்தில் போட்டுவிட்டார், யார் என்று சொல்ல மாட்டேன்.

பீச்சுக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மீனில் வாய் வைக்க விடாதீர்கள். வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் அதில் இருக்கும், உருண்டையாக முள்ளோ சொரசொரப்போ உள்ள தோலோடு. அதன் விஷம் நாயைக் கொன்றுவிடும், வேக வைத்தாலும் போகாத விஷம் அது. வீட்டில் மீன் ருசி கண்ட நாய் கரையில் இன்னும் வேகமாக இழுக்கும், கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குக்கர். முப்பது நிமிடம் மத்தி வெந்த குக்கரில் மறுநாள் பருப்பு வைத்தால் சாம்பார் கடலோர வாசத்தோடு வரும். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், ரப்பரில் ஏறிய வாடை மட்டும் எதற்கும் மசியாது. ஒரு ரப்பர் தனியாக வாங்கி மீனுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது. யாராவது அதைக் கையில் எடுத்தால் போதும், எங்கே படுத்திருந்தாலும் பூரி எழுந்து வந்துவிடும்.