செய்யுள் நலம் பாராட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்யுள் நலம் பாராட்டும் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை, அணியின் பெயரைச் சொன்னதுமே விளக்கம் முடிந்துவிட்டதாகக் கொள்வதாகும். 'இப்பாடலில் உவமையணி பயின்று வந்துள்ளது' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உவமை அவ்விடத்தில் எதற்காக வந்தது, அது இல்லையேல் படிப்பவர் எதை இழப்பார் என்பவற்றுக்கு அத்தொடரில் விடை இல்லை.

குறுந்தொகையின் 40-ஆம் பாடலில் வரும் 'செம்புலப் பெயல்நீர் போல' என்னும் உவமையைப் பலர் நிறத்தோடு நிறுத்திவிடுகின்றனர். செம்மண்ணில் விழுந்த நீர் சிவப்பதுபோல நெஞ்சங்கள் கலந்தன என்பதே அவர்கள் தரும் விளக்கம். முன்னுள்ள மூன்று அடிகளையும் சேர்த்துப் படித்தால் உவமையின் வேலை விளங்கும். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, நம் தந்தையர் எந்த முறையில் உறவினர், நாம் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம் என்று அவ்வடிகள் உறவின்மையை அடுக்குகின்றன. மழையும் நிலமும் அவ்வாறே தொடர்பின்றி வேறிடங்களில் இருந்தவை. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் கூறியது என்று பாடலின் கூற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆகவே அவளுக்கும் நமக்கும் ஆறுதல் தருவது, கலந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது என்னும் உறுதியே. தொல்காப்பியம் உவமைக்கு வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கைச் சொல்லியிருக்க, உருவை மட்டும் கண்டு, கலத்தல் என்னும் வினையை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

'போல' என்ற உருபைக் கண்டவுடன் உவமை என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட' அசைகின்றன. உருபு இருந்தும் இது உவமையன்று, தற்குறிப்பேற்றம். காற்றால் இயல்பாக நிகழும் அசைவின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். நடக்கப்போவதைக் காப்பியத்தின் பதிகத்திலேயே அறிந்துவிட்ட நமக்கு அக்கொடிகளின் எச்சரிக்கை புரிகிறது, கோவலனுக்குப் புரியவில்லை. நம் பதைப்பு இந்த வேறுபாட்டில்தான் பிறக்கிறது. பெயரை மாற்றி எழுதினால் இந்த விளக்கத்துக்கே வழி இல்லாமல் போகும்.

'பீலிபெய் சாகாடும்' என்று தொடங்கும் 475-ஆம் குறளையும் சிலர் எடுத்துக்காட்டு உவமையணி என எழுதுகின்றனர். அது உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உணரவைக்கும் பிறிதுமொழிதல் அணி. எடுத்துக்காட்டு உவமையில், முதற்குறளில் உள்ளதுபோல, உவமை, பொருள் இரண்டும் இருக்கும். உருபு மட்டும் மறைந்திருக்கும். இங்கோ அளவுக்கு மீறி மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவது மட்டுமே சொல்லப்படுகிறது. வலியறிதல் என்னும் அதிகாரத்தை மனத்திற்கொண்டு, எளிய பகைவர் பலர் ஒன்றுசேர்ந்தால் வலியவனும் கெடுவான் என்பதைப் படிப்பவரே வருவித்துக்கொள்ள வேண்டும். தானாகக் கண்டடைந்த பொருள் ஆழமாகப் பதியும் என்பதே பிறிதுமொழிதலின் ஆற்றல்.

எல்லாவற்றிலும் மறைபொருள் தேடுவது இதற்கு எதிரான குறை. கபிலரின் குறுந்தொகைப் பாடல் 25-இல், தலைவன் தன்னைக் கூடியபோது ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்றுதான் உடன் இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகைத் தலைவனாகவோ ஊராராகவோ மாற்ற முனைவதைவிட, அதன் கண் மீன்மேல் இருந்தது என்பதைக் கவனிப்பதே முதலில் வேண்டுவது. அவளுக்கு இருந்த ஒரே சாட்சியும் அவளைப் பார்க்கவில்லை.

எதுகை மோனைகளை எண்ணிக் காட்டி 'ஓசை நயம் மிக்கது' என்று எழுதுவது எந்தப் பாடலுக்கும் பொருந்தும். பொருந்துவதாலேயே அது எதையும் விளக்குவதில்லை. 391-ஆம் குறளில் கற்க, கற்பவை, கற்றபின், நிற்க என 'ற்' என்னும் வல்லொற்று மீண்டும் மீண்டும் நாவைத் தடுத்து நிறுத்துவதால் கட்டளையின் அழுத்தம் செவியிலேயே உணரப்படுகிறது என்று எழுதினால், அது அக்குறளைப் பற்றிய விளக்கமாகும்.